பாசிக்குச் சோறு போடுவது யார்?

இந்த வாரம் வந்த கடிதங்களில் ஒன்றை அப்படியே தருகிறேன். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

"ஐயா, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் ஆசைப்பட்டாள் என்று ஏழு மாதத்துக்கு முன் மூன்றடியில் ஒரு உப்புநீர் மீன்தொட்டி வைத்தோம். இரண்டு கோமாளி மீன், ஒரு இறால், நான்கு நத்தை இருக்கின்றன. முதல் மாதம் பழுப்பாக ஏதோ படிந்தது, தானாகவே போய்விட்டது. இப்போது கல் முழுக்கப் பச்சை முடி முளைத்திருக்கிறது. வாரம் இரண்டு முறை பிரஷ் போட்டுத் தேய்க்கிறோம். மூன்றே நாளில் திரும்ப வந்துவிடுகிறது. கடைக்காரர் ஒரு பாட்டில் மருந்தை ஊற்றச் சொல்கிறார். என் அம்மாவோ, 'பாவம், அந்த ஜீவனுங்கள பழவேற்காட்டுல விட்டுட்டு வந்துடுப்பா, புண்ணியமாப் போகும்' என்கிறார். வர்ற ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று இருக்கிறேன். மகள் இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. என்ன செய்யட்டும்?"

முதலில் அவசரமான பதில்: ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குத் தாராளமாகப் போங்கள், மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வாருங்கள். தொட்டியில் இருப்பதை மட்டும் கொண்டுபோக வேண்டாம். பாட்டிலையும் திறக்க வேண்டாம். அந்த மீன்களைக் காப்பாற்றலாம். பச்சை முடியையும் ஒழிக்கலாம். ஆனால் எட்டு முதல் பத்து வாரம் பிடிக்கும். இதைக் குறுக்குவழியில் செய்து தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொஞ்சம் யோசியுங்கள்.

பாட்டில் ஏன் கூடாது? பாசிக்கொல்லி என்று விற்கப்படும் மருந்துகள் பலவற்றில் தாமிரம் இருக்கும். மீன் ஓரளவு தாங்கிவிடும். இறாலும் நத்தையும் தாங்காது. போதாததற்கு, தாமிரம் கல்லிலும் மணலிலும் ஊறி உட்கார்ந்துகொள்ளும். பிறகு எத்தனை மாதம் கழித்து இறால் விட்டாலும் அது பிழைப்பது சந்தேகம்தான். தாமிரம் இல்லாத மருந்தாகவே இருக்கட்டும். அத்தனை பாசியும் ஒரே இரவில் செத்தால் அது எங்கே போகும்? தொட்டிக்குள்ளேயே அழுகும். அழுகும்போது தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவைத் தின்னும். அது எதைத் தின்று வளர்ந்ததோ, அது திரும்பவும் தண்ணீரிலேயே கரையும். அடுத்த பாசிக்கு விருந்து தயார்.

பந்தி முடிந்த அண்டா

பாசியை ஒரு நோய் மாதிரி பார்ப்பதால்தான் மருந்து தேடுகிறோம். அது ஒரு பயிர். வெளிச்சமும் உரமும் கிடைத்தால் வளரும். உப்புநீர்த் தொட்டியில் உரம் என்றால் முக்கியமாக இரண்டு: நைட்ரேட், பாஸ்பேட். வயலுக்கு யூரியாவும் டி.ஏ.பி.யும் போடுகிறோமே, ஏறக்குறைய அதே சமாசாரம்தான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் தொட்டிக்குள் தினமும் உரத்தைக் கொட்டுவது யார்?

இந்த இடத்தில் பலர் ஏமாறுவார்கள். டெஸ்ட் கிட் வாங்கிப் பார்ப்பார்கள். நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம் என்று காட்டும். "உரமே இல்லையே, அப்புறம் எப்படிப் பாசி?" என்று குழம்புவார்கள். கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு அண்டாவை எட்டிப் பார்த்து, "இங்கே யாரும் சாப்பிடவே இல்லை போலிருக்கே" என்று சொல்வதைப் போன்றது இது. வந்ததையெல்லாம் பாசி தின்று தீர்த்துவிட்டது. தண்ணீரில் மிச்சமில்லை, அவ்வளவுதான். கிட் காட்டும் எண்ணையும் கல்லில் முளைத்திருப்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

எண்கள் தெரிந்திருப்பது நல்லது. மீன் மட்டும் இருக்கும் தொட்டியில் நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை இருந்தால் பெரிய கவலை இல்லை. பாஸ்பேட் 0.1-ஐ ஒட்டி இருந்தால் போதும். இரண்டையும் பூஜ்யமாக்கியே தீருவேன் என்று கச்சை கட்ட வேண்டாம். உரம் துடைத்தெடுத்த மாதிரி ஆகிவிட்டால் டைனோஃப்ளாஜெல்லேட் என்ற வேறொரு தொல்லை தலைகாட்டும். குமிழி குமிழியாகப் பழுப்புச் சளி மாதிரி தொங்கும். அதில் சில வகைகள் நத்தைக்கு விஷம். பச்சை முடியே தேவலை என்று தோன்றிவிடும்.

தண்ணீர்தான் முதல் குற்றவாளி

கடிதத்தில் நண்பர் எழுதாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து? திருப்பி எழுதிக் கேட்டேன். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கலப்பதாகவும், ஆவியாகிக் குறையும் அளவுக்குத் தினமும் மேலே ஊற்றுவதாகவும், நேரம் இல்லாத நாளில் போர் தண்ணீரையே ஊற்றிவிடுவதாகவும் பதில் வந்தது. கூட வேலை செய்பவரிடம் டி.டி.எஸ். பேனா வாங்கிப் பார்க்கச் சொன்னேன். ஆர்.ஓ. தண்ணீர் 90 காட்டியது. போர் தண்ணீர் 1,400.

மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் இருப்பவர்களுக்கு இந்த எண் ஆச்சரியம் தராது. ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, கடல் நீர் நிலத்துக்கு அடியில் உள்ளே நுழைந்த கதை பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் எழுதிவரும் கதை. "உப்புத் தொட்டிதானே, உப்புத் தண்ணீர் ஊற்றினால் என்ன?" என்று தோன்றலாம். உப்பு பிரச்னை இல்லை. உப்போடு சேர்ந்து வருவதுதான் பிரச்னை. வயல் உரம், கழிவுநீர் எல்லாம் இறங்கிய நிலத்தடி நீரில் நைட்ரேட் இருக்கும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமே லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை நைட்ரேட்டை அனுமதிக்கிறது. மனிதர் குடிக்க அது பாதுகாப்பான அளவு. பாசிக்கோ அது வாழை இலை விருந்து.

ஒரு சின்னக் கணக்கு. மூன்றடித் தொட்டியில் கல், மணல் போக 180 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும். அதில் கரைந்திருந்தவை எல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். நீங்கள் ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரேட் இருந்தால், தினம் 40 மில்லிகிராம் உள்ளே போகிறது. மூன்று மாதத்தில் 3,600 மில்லிகிராம். 180 லிட்டரில் பிரித்தால் லிட்டருக்கு 20. ஒரு மீனுக்குக்கூடச் சோறு போடாமல், வெறும் தண்ணீர் ஊற்றியே இவ்வளவு சேர்த்துவிடலாம்.

"ஆர்.ஓ. தண்ணீர் சுத்தம்தானே?" என்பார்கள். வீட்டு ஆர்.ஓ. நம் நாக்குக்காகச் செய்யப்பட்டது. முழுக்க வடிகட்டிய தண்ணீர் சப்பென்று இருக்கும் என்பதால், பல மெஷின்களில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். அது வடிகட்டாத தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்பக் கலந்துவிடும். சிலவற்றில் தாது சேர்க்கும் கேட்ரிட்ஜ் தனியாக இருக்கும். அதனால்தான் 90. சர்வீஸ் பார்க்க வருபவரிடம் சொன்னால், மெம்பரேனில் இருந்து நேராக வரும் தண்ணீருக்கு ஒரு தனிக் குழாய் எடுத்துக் கொடுப்பார். அந்தக் குழாயின் முனையில் டி.ஐ. ரெசின் நிரப்பிய ஒரு ஹவுசிங்கை மாட்டினால், பேனா பூஜ்யம் காட்டும். அந்தப் பூஜ்யம்தான் நமக்கு வேண்டும்.

இதை நண்பருக்கு விளக்க அதிகம் சிரமப்படவில்லை. சிப்காட்டில் பாய்லர் ஓடும் ஆலைகள் பலவற்றில் டி.எம். பிளான்ட் என்று ஒன்று இருக்கும். போர் தண்ணீரைப் பாய்லரில் விட்டால் சிலிக்காவும் சுண்ணாம்பும் குழாய்க்குள் படிந்து பாய்லரையே கெடுத்துவிடும் என்பதால், தாது நீக்கிய தண்ணீரைத்தான் விடுவார்கள். தத்துவம் அதேதான், ரெசினும் அதே குடும்பம்தான். பாய்லருக்குப் பகையான அந்தச் சிலிக்கா, தொட்டியில் டயாட்டம் என்ற பழுப்புப் பாசிக்கு உயிர். டயாட்டம் தன் உடம்பைச் சுற்றிக் கண்ணாடிக் கூடு கட்டிக்கொள்ளும் நுண்ணுயிர். கண்ணாடிக்குச் சிலிக்கா வேண்டும். புதுத் தொட்டியில் முதல் சில வாரம் வரும் பழுப்புப் படலம் பெரும்பாலும் இதுதான். இருக்கும் சிலிக்கா தீர்ந்ததும் தானே போய்விடும். நண்பர் வீட்டில் போனதும் அப்படித்தான். (ஆலையில் கேட்காமல் கேனில் பிடித்து வரலாமா என்று யாரும் எனக்கு எழுத வேண்டாம்.)

கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, நேராகக் கடல் தண்ணீரையே கொண்டு வந்தால் என்ன என்றும் ஒருவர் போன மாதம் கேட்டிருந்தார். எந்தக் கடலோரம் என்பதைப் பொறுத்தது. பழவேற்காடு ஏரியில் மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் இறங்கி உப்பு வெகுவாகக் குறைந்துவிடும், கோடையில் ஏறும். எண்ணூர்ப் பக்கம் சொல்லவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போனதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். பாக்கெட் உப்பு செலவுதான், ஆனால் என்ன ஊற்றுகிறோம் என்று தெரியும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அடர்த்தி 1.025. ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

மாத்திரை டப்பா வைத்தியம்

அடுத்தது சாப்பாடு. கடையில் வாங்கும் உலர் தீவனத்தில் சுமார் ஒரு சதவீதம் பாஸ்பரஸ் இருக்கும். ஒரு கிராம் தீவனத்தில் 10 மில்லிகிராம். அது முழுக்கப் பாஸ்பேட்டாக மாறினால் 30 மில்லிகிராம். 180 லிட்டர் தண்ணீரில் அது லிட்டருக்கு 0.17. நாம் 0.1-ஐ ஒட்டி இருக்கட்டும் என்று ஆசைப்பட்டோம், ஒரே ஒரு கிராம் தீவனம் அதைத் தாண்டிவிட்டது. ஒரு பங்கு மீனின் உடம்பில் தங்கும் என்பது உண்மை. மிச்சம் தண்ணீருக்குத்தான்.

இரண்டு கோமாளி மீனுக்கு எவ்வளவு வேண்டும்? ஒரு நாளைக்கு ஒரு வேளை அல்லது இரண்டு வேளை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. ஆனால் நம் வீடுகளில் நடப்பது வேறு. பள்ளிக்குப் போகும் முன் பிள்ளை போடும். அது போனதும் பாட்டி, "வாயத் திறந்து திறந்து பாக்குது பாரேன்" என்று ஒரு சிட்டிகை போடுவார். ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பா, யாரும் போட்டிருக்க மாட்டார்கள் என்று இன்னொரு சிட்டிகை. மீன் எப்போதும் வாயைத் திறந்துகொண்டுதான் இருக்கும், அது மூச்சுவிடுகிறது!

இதற்கு நான் கண்ட நல்ல வழி, பெரியவர்கள் மாத்திரை போட்டு வைப்பார்களே, ஏழு நாளுக்கு ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் டப்பா, அது ஒன்று வாங்குவது. ஞாயிற்றுக்கிழமை அதில் தீவனத்தைப் பிரித்து நிரப்பிவிடுங்கள். பெரிய டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள். அன்றைய அறை காலி என்றால் அன்றைக்கு மீன் சாப்பிட்டாகிவிட்டது என்று அர்த்தம். பாட்டிக்கு வருத்தம் வேண்டாம் என்றால், போடும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பத்திரமான ஏற்பாடு கிடையாது.

மார்க்கெட் இறாலை நறுக்கி ஃப்ரீசரில் வைத்துப் போடுபவர்கள், உருகி வரும் அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். வடிகட்டியில் போட்டு ஒரு முறை அலசிவிட்டு, சதையை மட்டும் போடுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் போதும். பிளக்கில் மாட்டும் டைமர் வாங்கி மதியம் இரண்டு முதல் இரவு பத்து என்று வையுங்கள். எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரத்தில் தொட்டி எரியும். ஜன்னல் வெயில் தொட்டியில் விழுந்தால் ஒரு திரை போடுங்கள். மூன்று நாள் இருட்டடிப்பு செய்தால் பாசி போய்விடும் என்பார்கள். வாடும், உண்மைதான். உரம் அப்படியே இருந்தால் நான்காம் வாரம் திரும்பி வரும்.

தேய்ப்பது சரி, எங்கே தேய்ப்பது?

வாரம் இரண்டு முறை தேய்த்தும் மூன்றே நாளில் வந்துவிடுவது ஏன்? தொட்டிக்குள்ளேயே தேய்ப்பதால். பிய்ந்த துணுக்குகள் பம்ப் ஓட்டத்தில் பறந்து நாலு மூலையிலும் விதைபோல விழுகின்றன. மிச்சம் அழுகிக் கரைகிறது.

இப்படிச் செய்யுங்கள். ஒரு வாளியில் தொட்டித் தண்ணீரையே எடுத்து, பாசி அதிகம் உள்ள கல்லை அதில் இறக்கிப் பிடுங்குங்கள். பிடுங்குவதுதான் முக்கியம், அப்புறம் பழைய டூத் பிரஷ். வேறு சுத்தமான உப்புநீரில் ஒரு அலசு அலசித் திரும்ப வையுங்கள். எடுக்க முடியாத கல்லில், டியூப்பின் ஒரு முனையை விரலோடு சேர்த்துப் பிடித்து, பிய்க்கப் பிய்க்கத் தண்ணீரோடு உறிஞ்சி வெளியே எடுங்கள். மறுமுனையில் பழைய வேட்டித் துணியைக் கட்டினால் பாசி அதில் தங்கும். ஒரே நாளில் எல்லாக் கல்லையும் எடுக்க வேண்டாம். வாரம் மூன்றில் ஒரு பங்கு போதும், தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் பாக்டீரியாவும் அந்தக் கல்லில்தான் குடியிருக்கிறது. கையை விடும் முன் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். உப்புத் தண்ணீரும் கரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆலைத் தொழிலாளிக்கு நான் சொல்லத் தேவையில்லை, பிள்ளைக்கு அவர் சொல்ல வேண்டும்.

நீங்கள் வாளியில் எடுத்துக் கொட்டும் ஒவ்வொரு கைப்பிடிப் பாசியும் அது தின்ற உரத்தைச் சுமந்துகொண்டுதான் வெளியேறுகிறது. தண்ணீர் மாற்றுவதைவிட இது நேரடியானது. தண்ணீர் மாற்றுவதில் ஒரு சங்கடம் உண்டு. நைட்ரேட் 50 இருக்கிறது, வாரம் 20 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறீர்கள் என்றால் 40, 32, 26, 20 என்று நான்கு வாரம் இறங்கும். அதுவும் புதுத் தண்ணீர் பூஜ்யமாக இருந்து, இடையில் மீனே சாப்பிடாமல் இருந்தால். புதுத் தண்ணீரிலேயே 20 இருந்தால் ஆயுசு முழுக்க மாற்றினாலும் 20-க்குக் கீழே போகாது. அதனால்தான் தண்ணீரை முதலில் சொன்னேன்.

ஸ்கிம்மர் வைத்திருந்தால் கோப்பையை இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மெரினா, பட்டினப்பாக்கம் கரையில் வெள்ளை நுரை ஒதுங்கிப் பிள்ளைகள் அதில் விளையாடும் படம் வருமே, கழிவு கலந்த கடல் நீரை அலை அடித்து உண்டாக்குவது அது. ஸ்கிம்மர் செய்வதும் அதே வேலைதான். நுண்ணிய குமிழிகளில் கழிவு ஒட்டிக்கொண்டு மேலே ஏறிக் கோப்பையில் விழும். கோப்பையின் கழுத்தில் பிசுக்கு ஏறிவிட்டால் நுரை ஏறாது.

எல்லாப் பாசியும் பச்சை முடி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கருஞ்சிவப்பில் ஏடு மாதிரி மணல்மேல் படர்ந்து, உரித்தால் தோல்போல வந்தால் அது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலையில்தான் வரும். உறிஞ்சி எடுத்துவிட்டு, வேவ்மேக்கரை அந்தப் பக்கம் திருப்புங்கள். ஆன்டிபயாடிக் போடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். பச்சைக் கண்ணாடிக் கோலி மாதிரி இருப்பது வலோனியா. ஒரு கோலி முழுக்க ஒரே ஒரு செல் என்றால் நம்புவீர்களா? உடைக்காமல் அடியோடு கழற்றி எடுங்கள். பறவை இறகு மாதிரி கிளை விட்டிருந்தால் பிரையாப்சிஸ், பிடிவாதக்காரர், அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

தின்பதற்கும் ஆள் வேண்டும்

1983-இல் பனாமாவை ஒட்டிய கடலில் கறுப்புக் கடல் முள்ளெலிகள், அதாவது உடம்பெல்லாம் நீண்ட முள் நிற்கும் உருண்டை உயிரினங்கள், ஏதோ ஒரு நோயில் சாகத் தொடங்கின. ஓராண்டுக்குள் கரீபியன் கடல் முழுக்க அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் போய்விட்டன. பவளப்பாறையில் முளைக்கும் பாசியை மேய்ந்துகொண்டிருந்தவை அவைதான். ஜமைக்கா கடற்கரைகளில் 1970-களின் கடைசியில் பாறையில் சுமார் 4 சதவீதம் இருந்த பாசி, 1990-களின் தொடக்கத்தில் 92 சதவீதமானது. பாதிக்கு மேல் இருந்த பவளம் 3 சதவீதமாகச் சுருங்கியது. பாசி தின்னும் மீன்களை அங்கே ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடித்திருந்தார்கள், புயலும் அடித்திருந்தது. மிச்சமிருந்த ஒரே மேய்ப்பும் போனதும் எல்லாம் சாய்ந்துவிட்டது.

நம் மூன்றடித் தொட்டியில் நான்கு நத்தை பத்தாது. எட்டு, பத்து வரை வைக்கலாம். நீளமான முடியை நத்தை தொடாது, புல்லைப் பிடுங்கிய பிறகு துளிர்ப்பதைத்தான் மேயும். ஆகவே முதலில் கை, பிறகு நத்தை. நம் கரையில் கிடைக்கும் ஓரா மீன் பாசியை ஆடு மேய்வதுபோல மேயும் என்று கேள்விப்பட்டு அதைத் தேடிப் போகாதீர்கள். மூன்றடித் தொட்டி அதற்கு ஜெயில். முள் குத்தினால் விஷக் கடுப்பு வேறு. கல்லையே மாற்றிவிடலாம், ராமநாதபுரத்திலிருந்து பவளக் கல் வரவழைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பவளம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கும் அதே அட்டவணை.

பாசியைப் பாசியாலேயே பட்டினி போடும் வழியும் உண்டு. 1980-களில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஆடே, ஒரு வலைத் திரைமேல் தண்ணீரை வழியவிட்டு, அதில் பலமான விளக்கைப் போட்டு, பாசியை அங்கேயே வளர்த்து வாராவாரம் சுரண்டி எடுக்கும் முறையைப் பரப்பினார். உரத்தையெல்லாம் அந்தத் திரைப் பாசி தின்றுவிடும், காட்சித் தொட்டியில் இருப்பது மெலிந்துபோகும். இன்னும் சுலபம், கீட்டோமார்ஃபா என்ற பாசி. சிக்கு விழுந்த பச்சை நைலான் நூலுண்டை மாதிரி இருக்கும். தொட்டியின் பின்னால் ஒரு சின்னப் பெட்டியைத் தொங்கவிட்டு, இரவில் அதற்கு மட்டும் விளக்கு போட்டு வளர்த்து, மாதம் பாதியை எடுத்துவிடலாம். கௌலர்ப்பா என்ற பாசியும் இதற்கு விற்கப்படுகிறது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் கதை தெரிந்தால் பாட்டியும் பழவேற்காட்டை மறந்துவிடுவார்.

1984-இல் மொனாக்கோ நாட்டின் கடல் அருங்காட்சியகத்துக்குக் கீழே, மத்தியதரைக் கடலில், சுமார் ஒரு சதுர மீட்டர் பரப்பில் பளிச்சென்ற பச்சையில் கௌலர்ப்பா டாக்சிஃபோலியா முளைத்திருந்தது. மீன்தொட்டிகளுக்காக வளர்க்கப்பட்ட ரகம். அப்போதே பிடுங்கியிருந்தால் ஒரு மதியத்தில் வேலை முடிந்திருக்கும். பத்து, பதினைந்து ஆண்டுகளில் அது பிரான்ஸ், இத்தாலி என்று ஆயிரக்கணக்கான ஹெக்டேர் கடலடியை மூடிவிட்டது. அதே பாசி 2000-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கடலோரக் காயல் ஒன்றில் தென்பட்டது. அங்கே உடனே தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் செலுத்திக் கொன்றார்கள். முற்றிலும் ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆனது. பல லட்சம் டாலர் செலவு.

நம்மூரிலும் உதாரணம் இருக்கிறது. மண்டபம் பக்கம் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி, 2008-இல் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இறாலும் நண்டும் மடவையும் நம்பி எத்தனையோ குப்பங்கள் அதைச் சுற்றி இருக்கின்றன. பவளப்பாறையில் வாழும் கோமாளி மீனுக்கு அங்கே ஒளிய ஒரு கடல் சாமந்தி கிடைக்காது, மழை வந்தால் உப்பும் கிடைக்காது. சில நாளில் செத்துவிடும் என்பதுதான் நிஜம். புண்ணியக் கணக்கில் இதைச் சேர்க்க முடியாது என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மீனின் உடம்பில் நோய் இருந்தால் அதுவும், நத்தை ஓட்டில் ஒட்டியிருக்கும் பாசித் துணுக்கும் ஏரிக்குப் போகும். வளர்க்கவே முடியாது என்ற நிலை வந்தால், வாங்கிய கடையில் அல்லது கொளத்தூரில் திருப்பிக் கொடுத்துவிடலாம். காசு கேட்காமல் கொடுத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

அந்த நிலை வராது என்றே நினைக்கிறேன். ஏழு மாதம் ஓடிய தொட்டி, நான்கு நத்தையும் இறாலும் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்றால் அடிப்படை நன்றாக இருக்கிறது. பூஜ்யத் தண்ணீர் தொடங்கிய முதல் மூன்று வாரம் ஒரு வித்தியாசமும் தெரியாது, இதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கல்லுக்குள் ஊறிய பாஸ்பேட் மெல்ல மெல்லத்தான் வெளியே கசியும். நான்காவது, ஐந்தாவது வாரம் பிடுங்கும்போது பாசி சுலபமாகக் கழன்று வரும், நிறம் வெளுக்கும். அப்போதுதான் நத்தையைக் கூட்ட வேண்டும். மகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து டி.டி.எஸ்., நைட்ரேட், பாஸ்பேட், பிடுங்கிய பாசி எத்தனை பிடி என்று ஞாயிறுதோறும் எழுதச் சொல்லுங்கள். அவளுக்கு இதில் ஆர்வம் நிலைத்தால், பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது, மூன்று வருடம் கழித்து உதவும்.

பிடுங்கிய பாசியை மொட்டைமாடியில் ஒரு பழைய தட்டில் பரப்பி, மொறமொறவென்று காயும்வரை வெயிலில் வைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். தென்னை இருந்தால் அதன் அடியில் போடலாம், கொஞ்சம் உப்பைத் தென்னை பொருட்படுத்தாது. மாற்றியெடுத்த தண்ணீரை மழைநீர்க் கால்வாயில் ஊற்றாமல் குளியலறைச் சாக்கடையில் ஊற்றுங்கள்.

அடுத்த வாரம்: மே மாத வெயிலில் கரண்ட் போனால் தொட்டியை எப்படிக் குளிர்ச்சியாக வைப்பது?